உங்க வீடுதான்னு யாரு சொல்லுவா?

சாவிக்காரர் ஒருவர் கேட்ட கேள்வியை வைத்து எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. அவர் கேட்டது சரி என்பது என் கட்சி. "கூலிக்கு வந்த ஆள் பூட்டைத் திறந்தோமா, காசை வாங்கினோமா என்று போக வேண்டியதுதானே, விசாரணைக் கமிஷன் நடத்த அவர் யார்?" என்பது என் கணவரின் கட்சி. இத்தனைக்கும் வெளியே நின்றவள் நான். அவர் அன்றைக்கு ஆபீஸ் வேலையாகத் திருச்சியில் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. விருந்தாளிகள் யாராவது வந்தால் அவர்களிடமும் தீர்ப்புக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆடி வெள்ளி, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துவரப் போனேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் போட்ட வாசல் கதவு எம்மாத்திரம்? மேலே நிற்கும்போதே சத்தம் கேட்டுவிட்டது. எந்த வீட்டுக் கதவு என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அன்றைக்கு எங்கள் மாடியில் திறந்திருந்த வாசல் கதவு எங்களுடையது ஒன்றுதான். சாவி உள்ளே. கையில் செல்போன், இடுப்பில் துணிக்கூடை, உடம்பில் நைட்டி. கூடையிலிருந்தே ஒரு துப்பட்டாவை உருவிப் போட்டுக்கொண்டேன். அடுப்பில் எதுவும் இல்லை, உள்ளே குழந்தை இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம், வந்து திறந்து கொடுப்பார்கள். துணி எடுக்கப் போனவளுக்காக அந்தச் சிவப்பு வண்டியை வரவழைப்பது நியாயமில்லை.

முதலில் கூகுளில் தேடினேன். எங்கள் ஏரியா பெயரையே போட்டு, பக்கத்திலேயே கடை இருப்பது போல ஒரு எண் வந்தது. அழைத்தால் கால் சென்டர். மடிப்பாக்கம் எங்கே இருக்கிறது என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, பின்கோடு கேட்டார். விசிட்டிங் சார்ஜ் தனி, திறக்கும் கூலி ஆள் வந்து பார்த்த பிறகுதான், பணம் ரொக்கமா ஜிபேயா? இவ்வளவுதான் விசாரிப்பு. யாருடைய வீடு என்று அவர் கேட்கவே இல்லை. அது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. எவ்வளவு ஆகும் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்ற எரிச்சலில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைத் தேடிப் போனேன்.

அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. மரப்பெட்டி, அதன் விளிம்பில் திருகி வைத்த சின்ன வைஸ், தேய்ந்த அரங்கள், வளையம் வளையமாகக் கோத்து வைத்த வெற்றுச் சாவிகள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் நைட் லாட்சா, கொண்டிப் பூட்டா, கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்று மட்டும் கேட்டார். ஒரு துணிப்பையை எடுத்து டிவிஎஸ் 50-இல் மாட்டிக்கொண்டார். நானூறு ரூபாய் என்றார். நான் சரி என்றேன். பேரம் பேசுகிற கோலத்தில் நான் இல்லை.

## எஸ் டூ வாசலில்

எங்கள் வீடு இரண்டாவது மாடி, எஸ் டூ. வந்தவர் பூட்டைக் குனிந்து பார்த்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். பையின் ஜிப்பைப் பாதி திறந்தார். அப்புறம் நிமிர்ந்து, "ஆதார் இருக்காம்மா?" என்றார்.

போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். "திண்டுக்கல்லுன்னு போட்டிருக்கு?" எங்கள் சொந்த ஊர் அது. சென்னையில் வாடகைக்கு இருக்கிற பாதிப் பேரைப் போல நானும் ஆதாரில் முகவரி மாற்றவில்லை. பூட்டு ஊர்க்காரி பூட்டுக்கு வெளியே நிற்கிறாளே என்று அவருக்கு ஒரு சிரிப்பு. ஆனால் கை பையைத் தொடவில்லை. வாடகை அக்ரிமென்ட் கேட்டார், பீரோவில் இருந்தது. கேஸ் புத்தகம் சமையலறையில். கரண்ட் பில் ஓனர் பெயரில். ஆன்லைனில் வாங்கிய சாமானின் டெலிவரி முகவரியைக் காட்டினேன். "அதுல நீங்க எந்த அட்ரஸ் வேணா போட்டுக்கலாமேம்மா" என்றார். அதுவும் உண்மைதான். ஓனர் அமெரிக்காவில், டாலஸில் இருக்கிறார். அங்கே அப்போது விடியற்காலை மூன்றரை மணி. போன் அடித்து அடித்து நின்றது. எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். கீழே முதல் மாடியில் புதிதாக வந்தவர்கள், படியில் பார்த்தால் சிரிப்போம், அவர்களும் அந்நேரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"உங்க வீடுதான்னு யாரு சொல்லுவா?"

அப்போது கோபம் வந்தது. வராமல் இருக்குமா? எனக்குப் பின்னால் இருக்கிற கதவில் நான் கட்டிய கத்தாழை தொங்குகிறது, வாசலில் காலையில் நான் போட்ட கோலம் இருக்கிறது, இந்த மனிதர் கை கட்டி நிற்கிறார். "அண்ணே, என்னைப் பாத்தா திருட வந்தவ மாதிரியா இருக்கு?" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "ஆளைப் பாத்துக் கேக்கறதுன்னா பாதிப் பேரைத்தாம்மா கேக்கணும். அதான் எல்லாரையும் கேக்கறேன்." நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன், சீக்கிரம் திறங்கள் என்றேன். அதைக் கேட்டதும் பாதி திறந்திருந்த ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டார். "காசைக் கூட்டினா சந்தேகமும் கூடும்மா. கோர்ட் அமீனாகூடப் போயி பூட்டு உடைச்சிருக்கேன். அவர் கையில பேப்பர் இருக்கும். உங்க கையில என்ன இருக்கு?"

என் கையில் துணிக்கூடை இருந்தது.

தெருவில் எங்கள் கட்டடத்தை ஒட்டி இஸ்திரி வண்டி நிற்கும். அந்த அக்காவைக் கூப்பிடட்டுமா என்றேன். "நீங்க கூப்பிட வேணாம், மாடி ஜன்னல்ல நில்லுங்க, நான் போய்க் கேக்கறேன்" என்று இறங்கிப் போனார். நான் படிக்கட்டு ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் என்னைக் கையால் காட்டி, "அந்தம்மா எந்த வீடு?" என்றார். மாடியைச் சொல்லவில்லை, எண்ணைச் சொல்லவில்லை. இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்தார். "எஸ் டூ." "பேரு?" "பேரு தெரியாது. எஸ் டூ அம்மா. காட்டன் பொடவைக்குத் தண்ணி தெளிச்சுத்தான் தேய்க்கணும்பாங்க." "வீட்டு வாசல்ல என்ன இருக்கும்?" "கத்தாழை தொங்கும். ஏன், என்னாச்சு?" அவர் பதில் சொல்லாமல் படி ஏறினார்.

இத்தனை வருஷமாக அந்த அக்காவுக்கு என் பெயர் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் அதனால் ஒரு வேலையும் கெட்டதில்லை. அது தனிக் கதை.

மேலே வந்தவர் பையிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்தார். யாரோ ஒருவரின் முழங்கால். உள்பக்கம் திறக்கும் கதவில் நிலைக்கட்டையின் விளிம்பு இடைவெளியை மறைத்துக்கொண்டிருக்கும். ஏடிஎம் கார்டு மாதிரி விறைப்பானது அங்கே வளைந்து போகாது, ஃபிலிம் போகும். லாட்சின் நாக்கு ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கிறது அல்லவா, கதவைச் சாத்தும்போது தானாக உள்வாங்கி, பிறகு வெளியே வந்து மாட்டிக்கொள்வதற்காக. அந்தச் சரிவில் ஃபிலிம் வழுக்கினால் கதவு சாத்தப்படுவதாக நினைத்து நாக்கு உள்ளே போய்விடும். இடது தோளால் கதவை லேசாக ஆட்டிக்கொண்டே வலது கையால் முழங்காலை இறக்கினார். திறந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. திறந்த வேகத்தைப் பார்த்து எனக்கு நிம்மதியைவிடத் திகில்தான் அதிகம்.

திறந்தவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. "போயி அக்ரிமென்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்து வந்தேன். அதிலிருந்த பெயரையும் ஆதாரில் இருந்த பெயரையும் ஒத்துப் பார்த்தார். பையிலிருந்து நீளவாட்டில் மடித்த ஒரு நோட்டை எடுத்து தேதி, வீட்டு எண், பெயர், போன் எண் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். எந்த வீட்டிலாவது களவு போனால் போலீஸ் முதலில் விசாரிப்பது தங்களைத்தான் என்றார். "வெளிய போகும்போது சும்மா இழுத்துச் சாத்திட்டுப் போவாதீங்க. சாவியைப் போட்டுச் சுத்திட்டுப் போங்க, நாக்கு இறுகிக்கும், ஃபிலிமெல்லாம் ஒண்ணும் செய்யாது."

## திண்டுக்கல்லும் லண்டனும்

திண்டுக்கல் என்றால் இப்போது பிரியாணி. நான் வளர்ந்த காலத்தில் பூட்டுதான். சில தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு அரம் ராவுகிற சத்தம் கேட்கும். மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு, கோயில் கதவுக்கும் குடோனுக்கும் போகிற பெரிய பூட்டுகள், சாவி போட்டால் மணியடிக்கிற பூட்டு. உள்ளே இருக்கும் லீவர் தகடுகளை ஒவ்வொன்றாகக் கையால் ராவிச் சேர்ப்பதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பது அந்தத் தொழிலின் பெருமை. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்த பிறகு அந்தச் சத்தம் குறைந்துபோனது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர்க்காரர்கள் எல்லோரும் வாட்ஸப்பில் பகிர்ந்துகொண்டோம். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது என்று கேட்காதீர்கள், என் வீட்டிலும் இல்லை.

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்றைச் செய்துவிட்டதாக மார்தட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. லண்டனில் பிராமா கம்பெனிக்காரர்கள் 1790 முதல் ஒரு பூட்டைக் கடை ஜன்னலிலேயே வைத்து, இதைத் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது. 1851-இல் உலகக் கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த பூட்டு நிபுணர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் முதலில் சப் (Chubb) என்ற இன்னொரு பூட்டுக் கம்பெனியின் பேர்போன பூட்டை அரை மணிக்குள் திறந்தார். அப்புறம் பிராமா பூட்டில் கை வைத்தார். பதினாறு நாளில் பரவலாக 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார். பத்திரிகைகளில் பெரிய அமளி. ஆனால் 51 மணி நேரம் ஒரு கதவின் முன்னால் உட்கார எந்தத் திருடனை விடுவார்கள்? பூட்டு வாங்கித் தருவது அந்த அவகாசத்தைத்தான். எங்கள் கதவு ஒரு நிமிஷம்கூட வாங்கித் தரவில்லை. அதை ஒரு நிமிஷத்தில் திறக்கத் தெரிந்த ஆள் பஸ் ஸ்டாப் பக்கம் வருஷக்கணக்காகக் குடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எங்கள் தெருவில் எந்தக் கதவும் ஒரு பொருட்டில்லை. கணவரிடம் நான் வைக்கிற வாதமே இதுதான். நமக்கும் களவுக்கும் நடுவில் நிற்பது பித்தளை இல்லை, அந்த ஜிப்பை இழுத்து மூடிய கைதான்.

## பீரோ யாருடையது?

சாவிக்காரருக்குக் காபி கொடுத்தேன். வாசலில் நின்றபடியே குடித்தார். வீட்டுக் கதவு பரவாயில்லை, பீரோதான் சிக்கல் என்றார். மகன் வந்து கூப்பிடுவானாம், அப்பா பீரோ சாவி தொலைந்துவிட்டது என்று. போனால் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பார், உள்ளே பத்திரம் இருக்கும். வீடு மகனுடையதாகவே இருக்கட்டும், பீரோ? பெரியவர் வந்து பக்கத்தில் நின்றால்தான் தொடுவேன் என்று திரும்பிவிடுவாராம். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியின் அலமாரியைத் திறக்கச் சொல்லும் கணவர்கள் உண்டாம். வாடகை பாக்கி வைத்தவர் வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றித் தரச் சொல்லும் ஓனர்களும் உண்டு. அந்த வேலைக்குத்தான் காசு நிறையத் தருவார்களாம். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. அந்தச் சட்டத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். "நாளைக்கு அந்தாளு தெருவுல நின்னா என்னைத்தானே சபிப்பான்" என்றார்.

பேங்க் லாக்கரில் இந்தப் பிரச்சினையை விதி போட்டுத் தீர்த்திருக்கிறார்கள். பேங்க் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வருஷக்கணக்கில் வாடகை கட்டாதவர்களின் லாக்கரை உடைப்பதானால் அதிகாரி முன்னிலையில், வெளியாள் இருவரைச் சாட்சி வைத்துத்தான் உடைக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட விதிமுறை சொல்கிறது. தெருச் சாவிக்காரருக்கு விதிமுறை அனுப்ப ரிசர்வ் வங்கி இல்லை. நோட்டு, கையெழுத்து, இஸ்திரி அக்கா என்று அவரே ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு சாவிக்காரரிடம் அந்த நோட்டு இருக்குமா என்றால், பீரோ ரிப்பேர் என்று வீட்டுக்குள் வந்து நகையோடு போனவர்களின் செய்தியையும் நாம் எல்லோரும் படித்தவர்கள்தானே.

கணவரின் கட்சியிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. எனக்காவது சொல்ல ஓர் இஸ்திரி அக்கா இருந்தார். நேற்றுக் குடிவந்தவருக்கு? ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கி வேலை பார்க்கிற பீகார்ப் பையனுக்கு? தனியாக இருக்கும் திருநங்கைக்கு? தெருவே சேர்ந்து "தெரியாது" என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தே சொல்பவர்களும் இருப்பார்கள். இதையும் அவரிடம் கேட்டேன். ஓனரை வீடியோ காலில் காட்டச் சொல்வேன், அதுவும் இல்லையென்றால் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொல்வேன் என்றார். சாவி தொலைந்ததற்காக ஸ்டேஷன் படி ஏற அந்தப் பீகார்ப் பையன் துணிவானா? இந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எல்லாரையும் கேட்பது சமம்தான், பதில் சொல்லும் வசதி எல்லாருக்கும் சமமாக இல்லை.

## நங்கநல்லூர்

இரவு ஓனர் கூப்பிட்டார். அத்தனை மிஸ்டு காலைப் பார்த்துப் பயந்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னதும், அங்கே டெக்சாஸில் பூட்டுத் திறப்பவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், நம் ஊரில் எவன் வேண்டுமானாலும் வந்து திறக்கலாம் என்று சலித்துக்கொண்டார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார், "எதுக்கு இவ்வளவு சிரமம்? நங்கநல்லூர்ல என் தம்பிகிட்ட ஒரு சாவி எப்பவும் இருக்குமே. சொல்லியிருந்தா குடுத்துவிட்டிருப்பானே."

குடிவந்த நாளில் சாவி இவ்வளவுதான் என்று எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். நான் தம்பியைப் பார்த்ததில்லை. தம்பி நல்லவராகவே இருக்கலாம், அந்தச் சாவி அவர் வீட்டு ஆணியில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். ஓனரே உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அந்த வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. சாவியை யாரிடம் வைத்திருக்கிறோம் என்று சொல்வது அதைவிட எளிது. இஸ்திரி அக்காவைச் சாட்சிக்கு வைத்து நான் நுழைந்த வீட்டுக்குள் இன்னொருவர் ஒரு கேள்வியும் இல்லாமல் நுழைந்திருக்க முடியும்.

அடுத்த வாரமே சாவிக்காரரிடம் போய் லாட்சை மாற்ற வேண்டும் என்றேன். வேறு மாடல் இருக்கிறது, சாத்தியவுடன் நாக்கு தானாகவே இறுகிவிடும் என்று எடுத்துக் காட்டினார். விலையும் சொன்னார். எல்லாம் பேசி முடித்து, வண்டியில் பையை மாட்டிக்கொண்டே கேட்டார், "ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டீங்களாம்மா?"

என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஓனருக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார், அது நல்ல மனசு. கூடவே, புதுச் சாவி ஒன்றைத் தம்பியிடம் கொடுத்துவிடும்படியும். புது லாட்ச் இப்போது கதவில் இருக்கிறது. கூட வந்தவை மூன்று சாவி, பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுத்து என் கண் முன்னால் எண்ண வைத்தார் சாவிக்காரர். என்னிடம் ஒன்று, கணவரிடம் ஒன்று. மூன்றாவதை நங்கநல்லூருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார் கணவர். இஸ்திரி அக்காவிடம் கொடுத்து வைக்கலாம் என்கிறேன் நான். பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.